தூளிக் கொக்கி

தூளி கட்டக் கூரையில் ஒரு கொக்கி மாட்டிக்கொள்ள அனுமதி கேட்டிருந்தாள் மங்கையர்க்கரசி. சென்னையில் அவள் குடியிருந்த வாடகை வீட்டுக்கு இருநூற்றொரு பங்குதாரர்கள். முகம் தெரியாத அத்தனை பேரும் செல்போனில் ஓட்டுப் போட வேண்டும். மறுத்துவிட்டால் ஓராண்டுக்கு மறுபடி கேட்க முடியாது. தோளில் சிணுங்கும் குழந்தையோடு காலையிலிருந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் முடிவு வந்தது. ஒரே ஓட்டில் தோற்றிருந்தாள்.

கண்ணைத் துடைப்பதற்குள் மதுரையிலிருந்து அப்பா அழைத்தார்.

“ஏம்மா, பேரன் பேர்ல சென்னையில ஒரு வீட்டுப் பங்கு வாங்கியிருக்கேன். எந்தத் தெருன்னு சொல்ல மாட்டாங்களாம். இன்னைக்கு ஓட்டுகூடப் போட்டேன். குடியிருக்கிறவங்க கூரையில ஓட்டை போடணுமாம். நம்ம பிள்ளை சொத்தாச்சே, விடுவேனா?”

அவள் கூரையை நிமிர்ந்து பார்த்தாள். குழந்தை வீறிட்டது.

“ஏன் அழ விடுற? தூளியில போட்டு ஆட்டும்மா” என்றார்.