சுத்தமான கை

"யார் கை அழுக்கோ, அவங்க இன்னைக்கே பெட்டியைக் கட்டலாம்!" என்று கத்தினார் டைரக்டர் ராஜ்வாடே. கத்தும்போது பார்த்தது டாக்டர் சாருசீலாவை மட்டும்தான்.

டைரக்டரின் மேசையில், பாக்ரி ரொட்டியும் சுட்ட கத்தரிக்காயை மசித்த பரீத்தும் இருந்த டிபனுக்குப் பக்கத்திலேயே அழுகிப்போன வாழைக்கிழங்கு ஒன்று கிடந்தது. ராவேரிலிருந்து வாழை விவசாயி சுபடு போளே சாக்கில் கொண்டுவந்து கொட்டியது. வெட்டிய இடத்தில் சளி மாதிரி ஒழுகியது. செத்த எலி நாற்றம். வராந்தாவில் நின்ற பியூனுக்கே குமட்டிக்கொண்டு வந்தது.

"தோட்டம் பூரா இந்த லட்சணம்தான் சார். உங்க லேப் கன்னுன்னு நம்பித்தானே நட்டேன்? தொட்டாலே சாயுது" என்றார் சுபடு. அவர் கையெல்லாம் அந்தச் சளிதான்.

ராஜ்வாடே சென்ட் போட்ட கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "கன்னு விஷயமெல்லாம் இந்தம்மா பொறுப்புய்யா. இவங்க கை சுத்தம் அவ்வளவு அழகு. நான் என்ன பண்றது?"

சாருசீலாவுக்குக் கிழங்கைவிட அந்தப் பேச்சுதான் அருவருப்பாக இருந்தது. வாழைக் குருத்திலிருந்து நகக்கண் அளவு துணுக்கை வெட்டி, பாட்டிலில் சர்க்கரைக் கூழ் ஊற்றி, அதில் ஆயிரம் கன்று எடுக்கும் வேலையை இந்த லேபுக்குக் கொண்டுவந்ததே அவள்தான். அந்த வேலைக்காக வளையலையும் பூவையும் விட்டவள். கிருமி தொற்றிய பாட்டிலைக் கண்டால் யோசிக்காமல் கொட்டிவிடுவாள்.

"எல்லாத்தையும் கொட்டுறியேம்மா, ஏதாவது மருந்தைப் போட்டுக் காப்பாத்தேன்" என்று ராஜ்வாடே புலம்புவார். "மருந்து போட்டா கிருமி பாட்டில்ல அடங்கிக் கிடக்கும் சார், மண்ணுக்குப் போனதும் எழுந்துக்கும்" என்று அவளும் சலிக்காமல் சொல்வாள். போன மழைக்காலத்தில் கூழ் கலக்கும் அறையின் சாவியை அவரே வாங்கிக்கொண்டார். அனுபவசாலி கை பட்டால் தனி என்றார். அப்புறம் பாட்டில் கெட்டதே இல்லை. சால்வையும் மாலையும் அவருக்குத்தான் விழுந்தன.

"சார், எல்லார் கையையும் சோதிச்சுடலாம்" என்றாள் சாருசீலா. "நம்ம கூழைத் தட்டுல ஊத்தி ஆளாளுக்கு விரலை ஒத்தட்டும். அழுக்குக் கைன்னா மூணு நாள்ல பூஞ்சை பூத்துடும். என் தட்டுல பூத்தா நானே போயிடறேன்."

ராஜ்வாடே கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்தார். "செய்யேன், தாராளமா செய்."

எல்லோரும் ஒத்தினார்கள், டைரக்டர் உட்பட. சுபடுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் தோட்டமே செத்துக் கிடக்கு, இங்க கை பாக்குறாங்களாம் கை! இந்தாங்க, என் கையையும் பாருங்க!" மிச்சமிருந்த தட்டில் ஐந்து விரலையும் அழுத்தினார்.

"ஐயே! தூக்கிக் குப்பையில போடு அதை. நாளைக்கே புழு நெளியும்" என்று டைரக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டார். சாருசீலா அந்தத் தட்டையும் மூடி, அடியில் பெயர் எழுதி ஒட்டி, மற்ற தட்டுகளோடு வைத்தாள்.

நாலாம் நாள் ராவேர் வாழைக்காரர்கள் லேபில் கூடியிருந்தார்கள். டைரக்டரே ஆள் விட்டு அழைத்திருந்தார். தட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். எதிலும் ஒரு பொட்டுப் பூஞ்சை இல்லை.

"நல்லா பார்த்துக்கோங்க! என் லேப்ல ஒரு கைகூட அழுக்கு கிடையாது. அழுகல் உங்க மண்ணுல இருக்கு, உங்க தண்ணியில இருக்கு. கன்னு மேல பழி போடாதீங்க."

அன்றைக்கு சாருசீலாவின் கையைப் பழித்ததும் இதே வாய்தான். தூ! சுபடுவோ தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். தன் மண் மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"நீயும் ஒரு வார்த்தை சொல்லும்மா. உன் வேலைக்குத்தான் இனி ஆபத்து இல்லையே" என்றார் ராஜ்வாடே.

சாருசீலா ஒரு தட்டை நீட்டினாள். "இது ஒண்ணு பாக்கி சார். எப்படி இருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுவும் பளிங்கு! ஒரு புள்ளி கிடையாது. உன் கையா?"

அவள் தட்டைத் திருப்பி, அடியில் இருந்த பெயரை எல்லோருக்கும் காட்டினாள்.

"சுபடு அண்ணன் கை. கூழுல என்ன கலந்தீங்க சார்?"