ஆடத் தெரிந்த கிளி

ஆறு வருடம் கூண்டில் இருந்த கிளி ஒன்று, கதவு திறந்திருந்த ஒரு காலையில் வெளியேறித் தத்தித் தத்தி முருங்கைமரத்தில் ஏறிக்கொண்டது. அதற்குப் பறக்கத் தெரியாது.

“விழுந்தால் தானாகப் பறப்பாய்” என்று காகம் பிடித்துத் தள்ளியது. கிளி வேலியில் விழுந்தது. பூனை பாய்ந்து வருவதற்குள் அலகால் மரத்தைக் கவ்வி எப்படியோ மேலே ஏறிவிட்டது. அதன்பிறகு சிறகை விரிக்கவே பயம்.

மறுநாள் மைனா வந்தது. “கூண்டில் பொழுது எப்படிப் போகும்?”

“ஊஞ்சல் ஆடுவேன். அதில் என்னை மிஞ்ச ஆளில்லை.”

“எங்கே, ஆடிக் காட்டு, பார்ப்போம்.”

கிளி மெல்லிய கிளையொன்றைப் பற்றி ஆடியது. கிளை வேகமாக வளைந்தபோது, நிலைதடுமாறாமல் இருக்கச் சிறகுகள் தாமாக விரிந்தன.

“சிறகு விரிகிறதே!” என்றது மைனா. கிளி தன்னையே திரும்பிப் பார்த்தது.

நான்கு நாள் ஆடியது. ஐந்தாம் நாள், கிளை உயர எழும்பிய நேரத்தில் பிடியை விட்டது. எதிரிலிருந்த வேப்பமரம் வரை காற்று அதைத் தாங்கிக்கொண்டது.

காகம் தயங்கித் தயங்கி அங்கே வந்தது. “அன்றைக்குத் தள்ளியது தப்புதான். எனக்கும் அப்படி ஆடக் கற்றுக்கொடுப்பாயா?”

கிளி கொஞ்சம் நகர்ந்து, தான் அமர்ந்திருந்த மெல்லிய வேப்பங்கிளையில் அதற்கு இடம் விட்டது.