எதிரணி பெஞ்ச்

“அந்தப் பயலை ஆட்டத்துல இறக்காம உட்கார வைக்கச் சொல்லி இன்னும் எத்தனை தடவைய்யா கத்துறது?”

ஹெட்போன் கிழிகிற மாதிரி வந்தது அந்தப் பெண்குரல். கஸ் டில்மன் அதைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தான். டார்லீன். மூன்று வாரமாக அவனுடைய ரேடியோ நிகழ்ச்சி தொடங்கியதும் முதல் ஆளாக லைனில் நிற்கிறவள்.

அலபாமாவில் திங்கட்கிழமை என்பது சனிக்கிழமை ஆட்டத்துக்குத் தீர்ப்புச் சொல்கிற நாள். சுரங்கத்துக்காரனும் கோழி ஆலைக்காரியும் கஸ்ஸுக்குப் போன் போட்டு, வாய் வலிக்கத் திட்டிவிட்டுத்தான் ஷிப்டுக்குப் போவார்கள். இன்றைக்கு எல்லோர் வாயிலும் ஒரே பெயர்: ஜாரெட் ஹோல்கம். ஆளை ஆள் மோதிச் சாய்க்கிற அமெரிக்க ஃபுட்பாலில், கல்லூரி அணியின் குவாட்டர்பேக். பந்தைக் கையில் வாங்கி எறிகிறவன் அவன். அவன் சொதப்பினால் அணியே சொதப்பும்.

‘பீரங்கி’ என்று அவனுக்குப் பட்டம் கட்டியதே கஸ்தான். “சுரங்கம் இடிஞ்சு செத்தான் அப்பன் லாயிட். அந்தப் பேரை மணிக்கட்டு டேப்புல எழுதிக்கிட்டு எறியறான் பாருங்க மகன். இந்த வருஷம் கோப்பை நம்மளுது!” என்று கோடை முழுக்கக் கத்தியிருந்தான்.

செப்டம்பரில் ஜாரெட் அப்படித்தான் எறிந்தான். அக்டோபர் பிறந்ததும் என்ன கேடு வந்ததோ, அடி மேல் அடி, தோல்வி மேல் தோல்வி. இப்போது ஊர் அவனைத் திட்டிவிட்டு அதே மூச்சில் கஸ்ஸையும் திட்டுகிறது.

“ஆரம்பி டார்லீன். போன வாரம் விட்ட இடத்துலேருந்து திட்டு.”

“பீரங்கியாம் பீரங்கி! ஜூலை நாலாந்தேதி சுதந்திர தினத்துக்கு விடற வாணம்கூட இவன் எறியறதைவிட நேராப் போகும். சனிக்கிழமை என்ன கூத்து நடந்துச்சு, பாத்தியா? தலை தரையில மோத விழுந்து எந்திரிச்சவன் நேரா எதிரணி பெஞ்சுல போயி உட்கார்ந்தான். நம்ம பெஞ்சு எதுன்னே தெரியாதவனை எதுக்குய்யா இறக்குறாரு கோச்சு?”

கஸ்ஸுக்குக் கோபத்தை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டேடியமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த காட்சி அது. எதிரணிக்காரன் ஒருவன் முதுகில் தட்டித் திருப்பி அனுப்பினான்.

“அங்க தண்ணி நல்லா இருக்கும்னு போயிருப்பான், விடு.”

“சிரி, நல்லாச் சிரி. வர்ற சனிக்கிழமை அவன் இறங்கினா, ஒருத்தர் விடாம எந்திரிச்சு நின்னு ஊளையிடுங்க. அந்தக் கோச்சு யார் சொன்னாலும் கேக்கற ஆளில்ல. டிக்கெட் வாங்கினவன் ஊளை விட்டாத்தான் காது கேக்கும்.”

“அவ்வளவு என்ன வெறுப்பு உனக்கு? அப்பன் இல்லாத புள்ள அது.”

“தெரியும்.” ஒரு நொடி அந்தக் குரல் இறங்கியது. அடுத்த நொடி இரண்டு மடங்காக ஏறியது. “நீ பேசாத கஸ்! ரோட்டு விளம்பரத்துல அவன் மூஞ்சி, டயர் கடை வாசல்ல அவன் மூஞ்சி. அவன் தோளை வச்சுத்தான் உன் ரேடியோவே ஓடுது. உரிச்சுத் தின்னுட்டு எலும்பைத் துப்புற கூட்டம்யா நீங்க!”

கஸ்ஸுக்குச் சுர்ரென்றது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

“இந்தா பொம்பளை, கேட்டுக்கோ. சனிக்கிழமை சம்பளத்துக்கு ஆள் எடுக்கற பெரிய அணிக்காரங்க அவனைப் பாக்க வர்றாங்க. நல்லா எறிஞ்சா அவன் தலைமுறைக்கே சுரங்கம் கிடையாது. உடம்பு கல்லு மாதிரி இருக்குன்னு அவனே சொல்லியிருக்கான். அன்னிக்குப் பாத்து ஊளையிடச் சொல்றியே, நீ மனுஷியா? சோபாவுல சாஞ்சுக்கிட்டு என்ன வேணா பேசுவ!”

“சோபாவா? விடியறதுக்கு முன்னாடி வந்து கோழிக்கு எலும்பு எடுத்துட்டு நிக்கறேன்யா. ரப்பர் பூட்ஸைக்கூடக் கழட்டல. ஆலை வாசல்லேருந்து பேசறேன்.”

“எங்கிருந்து வேணா பேசு. அந்தப் பையன் வாழ்க்கையைக் கெடுக்க ஒரு நாயமான காரணம் சொல்லு. இல்லேன்னா லைனைக் கட் பண்ணிட்டு உன் நம்பரையே எடுக்க வேண்டாம்னு சொல்லிடுவேன்.”

அவன் விரல் பொத்தான் மேல் இருந்தது. மறுமுனையில் கோழிக்கூண்டு லாரி ஒன்று இரைச்சலோடு கடந்து போனது.

“என்ன, காரணம் இல்லையா?”

“கோச்சுகிட்டப் போய் நின்னேன் கஸ். ‘பையன் நல்லாத்தான் இருக்கான், நீங்க வீட்டுக்குப் போங்க’ன்னாரு. டாக்டர் கேட்டா அவனே சிரிச்சு மழுப்பிடறான்.” கத்திக் கத்திக் கரகரத்துப் போன அந்தக் குரலில் இப்போது கத்தல் இல்லை. “நேத்து சர்ச் விட்டு வந்து, சாப்பாட்டு மேஜையில அவனே மூணு தட்டு எடுத்து வச்சான்.”

கஸ்ஸின் விரல் பொத்தானை விட்டு நகர்ந்தது.

“‘அப்பாவுக்கு இன்னும் ஷிப்டு முடியலையாம்மா?’ன்னு என்னைக் கேட்டான்.”