ஹமீஸா கேட்ட தாயத்து

சுனாமியில் கணவனை இழந்த ஹமீஸா, காத்தான்குடிக் கடற்கரை வீட்டுக்குத் திரும்பவே பயந்திருந்தாள். இன்று தானாகவே வந்து வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் முபாரிஸுக்கு ஆச்சரியம்.

"கடல் இனி வராமலிருக்க ஒரு பெரியவருக்கிட்டத் தாயத்துக் கேட்டுப் போனன் நானா."

"தந்தாரா?" தாயத்துக் கட்டுவதே மார்க்கத்துக்கு விரோதம் என்பவன் அவன்; முகம் கடுத்தது.

"இல்ல. தாயத்துக் காக்காது, அல்லாஹ்தான் காப்பான், தொழு எண்டாரு. என்ட மாப்பிள்ளையக் கடல் தண்டிச்சதெண்டு சனம் கதைக்குதே எண்டு அழுதன். தண்ணியில மூழ்கி மௌத்தானவர் ஷஹீத், சொர்க்கம் போற தியாகி, எங்கட நபி ரஸூலுல்லாஹ் சொல்லியிருக்காங்க எண்டாரு. நெஞ்சு லேசாப் போச்சு."

"சரியான மார்க்கம். எங்கட பள்ளி மௌலவிதானே?"

"இல்ல நானா. தாயத்துக் குடுக்கிறவரெண்டு நீங்க என்னப் போகவே கூடாதெண்ட சூபி ஷெய்கு."

முபாரிஸ் அவள் கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கி மீதியைக் கூட்டினான்.

"என்னையும் ஒருக்கா அவருக்கிட்டக் கூட்டிப் போ" என்றான்.