செம்பியின் கம்பளி

பாச்சலூர் வரை போகும் குதிரைப் பயணத்தில் அது இரண்டாம் நாள் சாயங்காலம். வழிகாட்டி தேவசேனா சேணங்களை இறக்கி, அவற்றுக்கு அடியில் போட்டிருந்த கம்பளிகளைப் பாறைமேல் காயப்போட்டாள். எல்லாம் குதிரைகளின் வியர்வையில் நனைந்திருந்தன.

செம்பியின் கம்பளியும் நனைந்திருந்தது. செம்பி, போன மழைக்காலத்தில் சரிவில் கால் தவறி விழுந்து செத்துப்போன குதிரை. அதன் கம்பளியை வேறு குதிரைக்குப் போட மனமில்லாமல், தேவசேனா அதை மடித்துத் தன் பைக்குள் வைத்துத்தான் கொண்டுவந்திருந்தாள்.

"பைக்குள்ள தண்ணி கொட்டிருச்சாக்கா?" பயணத்துக்கு வந்திருந்த சௌம்யா கேட்டாள்.

தேவசேனா கம்பளியை முகர்ந்து பார்த்தாள். "இல்லங்க. நடந்து வந்திருக்கு."

மற்ற குதிரைகளுக்குக் கொள்ளு வைத்து முடித்தாள். பிறகு இன்னொரு பையில் கொள்ளை அள்ளி, எந்தக் குதிரையும் கட்டாத மரத்தடிக்குப் போய், குதிரையின் வாய் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தாள்.

"என்னக்கா இது?"

"நடந்து வந்த குதிரையப் பட்டினி போடக் கூடாதுங்க. சித்த புடிங்க, தண்ணி எடுத்தாரேன்."

சௌம்யா மறுக்க மனமில்லாமல் வாங்கிக்கொண்டாள். பை நல்ல கனமாக இருந்தது.

தேவசேனா வாளியோடு ஓடையில் இறங்கினாள்.

"வெரசா வாங்கக்கா," சௌம்யா மெதுவாகக் கூப்பிட்டாள். "கனம் கொறஞ்சுக்கிட்டே வருது."