மானிட்டர் வேணாம்

“பெட்டியப் பிரிங்க. தொட்டுப் பாக்கணும்.”

கடையில் அப்படிக் கேட்கவே கூடாது என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லித்தான் மகளைக் கூட்டி வந்திருந்தாள். கடைக்காரர் முனகிக்கொண்டே கீபோர்டைப் பிரித்து வைத்தார். மகள் ஒவ்வொரு பட்டனாகத் தடவிப் பார்த்தாள்.

“இது இருக்கட்டும். கிராபிக்ஸ் கார்டு வேணாம். எல்லாத்தையும் தனித்தனியாக் குடுங்க, வீட்டுல நானே மாட்டிக்கிறேன்.”

“கலர் லைட் எரியுற ஃபேன் போடட்டுமாம்மா? சும்மா ஜொலிக்கும்.”

“சர்க்கஸா நடத்தப் போறேன்? சத்தம் போடாத ஃபேனாக் குடுங்க.”

“மானிட்டர்?”

“வேணாம். நல்ல ஸ்பீக்கர் குடுங்க.”

“மானிட்டரும் வாங்குடி,” என்றாள் அம்மா.

“உங்க பட்ஜெட்டுக்கு ரெண்டுல ஒண்ணுதான்,” என்றார் கடைக்காரர்.

“கம்ப்யூட்டர் எனக்குப் படிச்சுக் காட்டும், நான் காதால கேட்டுப்பேன். கண்ணு தெரியாதவளுக்கு மானிட்டர் எதுக்கும்மா? ஊருக்குக் காட்டவா?”

கடைக்காரர் கையிலிருந்த கலர் ஃபேனைச் சத்தமில்லாமல் அலமாரியில் வைத்தார்.

“உனக்குன்னு யாருடி சொன்னா? எனக்கு வேணும்.”

“உனக்குத்தான் எழுத்தே தெரியாதே!”

“தெரியாதுதான். ஆனா நீ எழுதுறது வரிவரியா ஓடும்ல? பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன்.”

அவள் கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

“ஸ்பீக்கர எடுத்துடுங்கண்ணா, பழைய ஹெட்போன் போதும். மானிட்டர் பெருசாப் போட்டுக் கட்டி வைங்க. வண்டி பிடிச்சுட்டு வர்றோம்.”

அம்மாவின் தோளைப் பற்றிக்கொண்டு அவள் வாசலைத் தாண்டினாள்.