ராசியான கை

"அந்த ஒடிசாக்காரன மொதல்ல வெளிய அனுப்புங்க டாக்டர். அவன் கொண்டுவந்த சீக்குதான் இது."

சுடலைமாடத்தி ஐ.சி.யூ. வாசல் என்றுகூடப் பார்க்காமல் சத்தம் போட்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவள் நன்றாகவே அரண்டிருந்தாள்.

உள்ளே நாலு கட்டில்கள். முதல் கட்டிலில் அவள் புருஷன் அய்யாக்குட்டி. முத்தையாபுரத்தில் மளிகைக்கடை. சர்க்கரை உடம்பு, காலில் ஆணி குத்திய புண், ரத்தம் வரை விஷம் ஏறிவிட்டது. அடுத்த கட்டிலில் பானுப்ரியா, பிரசவத்தில் ஜன்னி கண்ட பெண். மூன்றாவது கட்டிலில் லாரி டிரைவர் ஞானையா இருந்தார். நேற்றுக் காலை அவரைத் துணி போர்த்திக் கொண்டுபோய்விட்டார்கள்.

நாலாவதில்தான் அந்த ஒடிசாக்காரன். துறைமுகத்தில் நிலக்கரி வேலை பார்த்தவன். உயரத்திலிருந்து விழுந்து தலையில் அடி. வந்து பார்க்க ஒரு நாதி கிடையாது.

"ஞானையாவுக்கு வந்த கிருமிதான் பானுப்ரியாவுக்கும், ஒங்க வீட்டுக்காரருக்கும்," என்றார் டாக்டர் சிவபாலன். "பெரிய பெரிய ஊசியெல்லாம் போட்டுப் பாத்தாச்சு, கேக்கல. இனி ஒரே ஒரு மருந்துதான் பாக்கி. அதுக்கும் கேக்கலன்னா எங்க கையில ஒண்ணும் இல்லம்மா."

மாடத்தி விடுவதாக இல்லை.

"எங்க வீட்டுக்காரவ ஆஸ்பத்திரிப் பக்கமே வராத ஆளு. காய்ச்சல்னா மெடிக்கல்ல கேட்டு மாத்திரை வாங்கிப் போடுவாவ. கொஞ்சம் சொகமானதும் நிறுத்திருவாவ. அப்படிப்பட்ட ஒடம்புல கிருமி எங்கருந்து வரும்? எல்லாம் அந்தப் பய கொண்டுவந்ததுதான்."

டாக்டர் அவளையே ஒரு நிமிஷம் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

வெளியே பானுப்ரியாவின் அம்மா அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். பிறந்த குழந்தை இன்னும் தாய் முகம் பார்க்கவில்லை.

"நீ உள்ள போனா அந்த ஒடிசாக்காரன் பக்கம் போயிராத தாயி. அவனத் தொட்டுராத," என்று மாடத்தி அவள் காதோரம் சொன்னாள்.

"நான் ஏன் அக்கா அங்கன போறேன்? எனக்கு ஒங்க கைதான் நம்பிக்கை. இன்னைக்கும் எம் மவ நெத்தியில விபூதி பூசி விட்டுருங்க."

மாடத்தியின் கை ராசியான கை. முத்தையாபுரம் பக்கம் புதுக்கடை திறக்கிறவன் முதல் போணிக்கு அவளைத்தான் தேடி வருவான். அந்தக் கைக்கு ஐ.சி.யூ.விலும் வேலை இருந்தது. தினமும் கோயிலில் பன்னீர் இலையில் மடித்துத் தருகிற விபூதியை முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள். முதலில் புருஷனின் வாயோரம் வழிகிற எச்சிலைத் துடைப்பாள். கால் கட்டைத் தடவிச் சரிசெய்வாள். நெற்றியில் பூசுவாள். அதே கையோடு பானுப்ரியாவிடம் போய்க் கன்னத்தைத் தடவி, மூக்குக் குழாயை ஒதுக்கி, நெற்றியில் ஒரு கீற்று. ஞானையா வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். இருந்தாலும் விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை. சாமிக்குள்ளே என்ன சண்டை என்று அவருக்கும் பூசினாள்.

வாசலில் நர்ஸ் ஊற்றுகிற சானிடைசரே போதும், விபூதி தொட்ட கையை நடுவில் வேறு கழுவுவார்களா என்பது அவள் நியாயம். நர்ஸ் அற்புதமணி, "யாரையும் தொடாதீங்கம்மா" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள்.

நாலாவது கட்டிலை மட்டும் மாடத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போவாள்.

அன்று சாயங்காலம் ஒடிசாக்காரனைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போய்த் தனி அறையில் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். மாடத்திக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நம்ம பேச்சுக்கும் ஒரு மதிப்பு இருக்கத்தான் செய்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

உள்ளே போனாள். புருஷனுக்குப் பூசிவிட்டுப் பானுப்ரியாவின் கட்டிலுக்குத் திரும்பினாள். அற்புதமணி குறுக்கே வந்து நின்றாள்.

"போதும்மா. அந்தப் பிள்ளையத் தொடாதீங்க."

"அவனத்தான் ஒதுக்கியாச்சே. இன்னும் என்னம்மா பயம்?"

அற்புதமணி குரலை உயர்த்தவில்லை. "அவன ஒதுக்கலம்மா. பத்திரமா வச்சிருக்கோம். எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்தோம். அவனுக்கு மட்டும்தான் அந்தக் கிருமி இல்ல."

மாடத்திக்குப் புரியவில்லை.

"ஒங்க வீட்டுக்காரரு உள்ள வரும்போதே அது அவரு ஒடம்புல இருந்திருக்கு. அரைகுறையா மாத்திரை போட்டுப் போட்டு, மருந்துக்கே பழகிப்போன கிருமின்னு டாக்டர் சொல்லுதாரு. விபூதியில ஒண்ணும் இல்லம்மா. வெரல்லதான். அங்கன தொட்ட வெரலு இங்கன வந்துச்சு. நானும் ஒங்க மேல பாவப்பட்டு, கண்டும் காணாம விட்டுட்டேன்." அவள் கண் கலங்கியது. "அந்த ஒடிசாக்காரனத் தொடத்தான் யாருமே இல்லைல்லா. அதான் தப்பிச்சான்."

மாடத்தி தன் விரல்களைப் பார்த்தாள். நுனியில் விபூதி ஒட்டியிருந்தது. ஞானையா படுத்திருந்த கட்டில் காலியாகக் கிடந்தது. பானுப்ரியாவின் மார்பு மெஷின் தள்ளத் தள்ள ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

பானுப்ரியாவின் அம்மா எழுந்து ஓடி வந்தாள். "பூசிட்டீங்களா அக்கா?" என்று கேட்டுக்கொண்டே, அந்த ராசியான கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனாள்.

மாடத்தி பதறிப் பின்னால் நகர்ந்தாள்.

"தொட்டுராத தாயி," என்றாள். "என்னத் தொட்டுராத."